ஒரு தாய்மீன் பிறந்த கதை

பாப்புவா நியூ கினியில் மடாங் என்ற ஊரையொட்டி ஒரு காயல். அதன் பவளப்பாறைகளில் கடல் சாமந்திகள் விரல் விரலாய் அசைந்துகொண்டிருக்கும். பெயர்தான் பூ, உண்மையில் அது கொட்டுகிற விலங்கு. தெரியாமல் உரசும் சிறுமீனை நஞ்சேற்றி முடக்கி வாய்க்குள் தள்ளிவிடும். அந்த விரல்களுக்கு நடுவே, ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் சொந்த முற்றத்தில் உலவுவதுபோல் உலவுகின்றன. உடம்பைப் போர்த்திய வழுவழுப்புதான் அவற்றுக்குக் காப்பு. கூட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது தாய். அந்தத் தாய் ஒரு காலத்தில் ஆணாக இருந்தது.

கதையை முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். சாமந்தியின் அடித்தண்டை ஒட்டிய பாறையை ஆணும் பெண்ணும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பெண் அங்கே நூற்றுக்கணக்கான ஆரஞ்சு முட்டைகளை வரிசையாக ஒட்டிவைக்கும். அதன்பின் பெரும்பாடு ஆணுக்குத்தான். துடுப்பால் ஓயாமல் விசிறும். கெட்ட முட்டையை வாயால் பொறுக்கி அகற்றும். ஒரு வாரம் ஆகும்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் மினுங்கும். இருட்டியதும் குஞ்சுகள் பொரிந்து நீரோட்டத்தோடு போய்விடும்.

பத்துப் பன்னிரண்டு நாள் அலைந்து தப்பிப் பிழைத்தவை வேறு ஏதாவது சாமந்தியில் வந்து ஒண்டும். ஆகவே, தம்பதியைச் சுற்றித் திரிகிற சின்ன மீன்களைப் பார்த்துப் பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த அயலார் அவை. வந்தவற்றுக்குக் கூட்டத்தின் அளவு வரிசையில் கடைசி இடம்.

எனக்கு வியப்பு அடங்காதது இந்த வரிசையில்தான். மடாங்கில் இந்த மீன்களை அளந்து பார்த்த ஆய்வாளர் பீட்டர் பஸ்டன் 2003-இல் எழுதினார்: ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே இருப்பதன் அளவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. மிஞ்சி வளர்ந்தால் மேலே இருப்பது துரத்திவிடும். சாமந்தியை விட்டு வெளியே போனால் ஒளிய இடமில்லை. பளிச்சென்ற அந்த நிறமே காட்டிக்கொடுத்துவிடும். எனவே சின்னதாகவே இருந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது.

ஒரு நாள் பெரிய பெண் இறந்துபோகிறது. புதுத் துணை தேடி ஆண் கடலைக் கடக்க முடியாது. இருந்த இடத்திலேயே அது பெண்ணாக மாறுகிறது. ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977-இல் இதை உலகுக்குச் சொன்னார்கள். இளமீனின் இனப்பெருக்க உறுப்பிலேயே இரண்டு பாலுக்கும் உரிய திசு உண்டு. அதைவிட ஆச்சரியம், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் நெருங்கிய இன மீன்களில் கண்டது: முதலில் பெண்ணாவது மூளை. முட்டைப்பை உருவாவதற்கு முன்பே மூளையின் ஒரு பகுதி பெண்ணுக்குரியதாகிவிடுகிறது. ஆள்கிறவளாக மீன் நடந்துகொள்ளத் தொடங்கி நெடுநாள் கழித்தே உடல் மூளையின் வழிக்கு வருகிறது. பெண்ணானபின் மறுபடி ஆணாவதில்லை.

மூன்றாம் இடத்தில் அடங்கிக் கிடந்த மீன் இப்போது விறுவிறுவென்று வளர்ந்து ஆணாகிறது. முன்பு முட்டைகளுக்கு விசிறியது இன்று முட்டையிடுகிறது, காத்திருந்தது விசிறுகிறது. கடைசி இடம் காலியாக இருக்கிறது. நகத்தளவுகூட இல்லாத ஒரு குஞ்சு, இருட்டில், பாறையை நோக்கி நீந்தி வந்துகொண்டிருக்கிறது.