சுமை ஏறிய வழி

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வெயில் உறைக்குமுன் பாதி மலையையாவது கடந்துவிட வேண்டுமென்ற எண்ணத்தோடு, நண்பர் நால்வரும் நானும் வனத்துறையாரின் அனுமதி பெற்று, பெரியகுளத்திற்கு அண்மையிலுள்ள கும்பக்கரை அருவியினின்று வெள்ளகவி என்னும் மலையூர் வழியாகக் கோடைக்கானலுக்கு ஏறத் தொடங்கினோம். முதுகில் ஆளுக்குப் பத்துக் கிலோ பாரம். எட்டு மணிக்கெல்லாம் பாறைகள் கொதித்தன. பேச்சு தானாகவே நின்றுபோயிற்று. அந்த மௌனத்தில்தான், இம்மலையின் பழைய சுமைவழிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ‘கூலி காட்’ (கூலியாட்களின் மலைவழி) என்ற பெயர் என் மனத்தை உறுத்தலாயிற்று.

கோடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரை 1821-இல் வார்டு என்னும் ராணுவ அதிகாரி அளந்தார். பின்னர், யாழ்ப்பாணத்தினின்று கிளைத்து 1834-இல் மதுரையில் கால்கொண்ட அமெரிக்க மிஷனின் பாதிரிமார், காலராவுக்கும் விஷஜுரத்துக்கும் தம்மவரைப் பறிகொடுத்த துயரத்தால் குளிர்ந்த ஸ்தலம் ஒன்றைத் தேடி, 1845-இல், அம்மலைமீது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டனர். அவ்விரு வீடுகளினின்றே கோடைக்கானல் என்னும் நகரம் விரிந்தது. அவர்களுடைய துக்கம் மெய்யானது. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அவ்வீடுகளுக்குரிய சன்னற் கண்ணாடியும், இரும்புக் கட்டிலும், மாவு மூட்டையும், சக்கரம் உருளாத அம்மலையில் யாரோ ஒருவருடைய தலைமீதோ தோள்மீதோதான் ஏறி வந்திருக்க வேண்டும். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அதில் மிதந்த முதற் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததென்பர். ஏரியை அமைத்தவரென்று அவர் பெயரைச் சொல்கிறோம்; அந்தப் படகை மலைமேல் தூக்கிச் சென்றவர்களுக்குப் பெயரே இல்லை.

1875-இல் ரயில் வந்தபின், பிரயாணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து வலுவுள்ளோர் குதிரையிலும், பெண்டிரும் குழந்தைகளும் பிணியாளரும் டோலியிலும் நாற்காலியிலும் மேலேறினர். இதில் என்னை வருத்துவது ஒன்றே. துரைமார் மலையேறிய காலம் சித்திரை, வைகாசி. சமவெளி தகிக்கும் அந்த மாதங்களுக்காகவே அவ்வூர் பிறந்தது. ஆகவே, ஒரு சாரார் எந்த வெயிலுக்கு அஞ்சி ஓடினரோ, அதே வெயிலில், சுமையோடு, வெறுங்காலால், மற்றொரு சாரார் ஏறியிறங்கி ஏறியிறங்கிக் கூலி பெற்றனர். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை திறக்கப்பட்டதும், தோப்பு வெறிச்சோடிற்று; பழைய வழிகளில் புல் மூடியது.

கோடையில் இம்மலைகள் எத்தகையவை என்பதை நம் காலமும் கண்டது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள், இதே தேனிச் சீமையில், போடிக்கு மேலுள்ள குரங்கணியில், எங்களைப்போலவே விடுமுறைக்கு மலையேறிய இளைஞரும் பெண்களும் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த போதைப்புல் காலில் உரசிய இடங்களிலெல்லாம் அவர்களை நினைத்தேன். அதன்பின் விதிகள் இறுகின. அனுமதிச் சீட்டுக்காக அலைந்த நாட்களை நான் வீணென்று கருதவில்லை.

உச்சிப்பொழுதில் வெள்ளகவியை அடைந்தோம். ஊருக்குள் செருப்பணிவதில்லை என்பது அவ்வூர் வழக்கம். தெய்வங்கள் குடியிருக்கும் மண் அது. நாங்களும் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமண்ணில் மெல்ல நடந்தோம். மோட்டார்ச் சாலையால் பயனடைந்த ஊர்களுள் இது சேரவில்லை. காப்பியும் மிளகும் விளைத்து, நெடுங்காலம் சுமந்தே விற்றுவந்தவர்கள் இவர்கள்.

சமவெளிச் சாலைகளில் புண்ணியவான்கள் நாட்டிய சுமைதாங்கிக் கல் எதையும் நாங்கள் வந்த வழியில் காணவில்லை. ஊரைத் தாண்டி, கோடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்கு ஏறும்போது, மார்பளவு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை விளிம்பில் எங்கள் மூட்டைகளைச் சாய்த்து மூச்சு வாங்கினோம். மேலிருந்து சாக்குச் சுமையோடு இறங்கிவந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்று, “கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி” என்றார். நாங்கள் இடம்விட்டதும், திரும்பிப் பாராமலே, தம் முதுகை அவ்விளிம்போடு சேர்த்துச் சாக்கை அதன்மீது இறக்கினார்.