அப்புவின் இதயமும் ஒரு கிரேக்கச் சொல்லும்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட் பூக்கடை ஒன்றில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் படத்துக்கு அன்றைய மல்லிகையைச் சாத்தியிருந்தார்கள். பூக்காரர் அவரை ‘அப்பு’ என்றுதான் சொன்னார். அவர் இறந்த நாளான 2021 அக்டோபர் 29 அன்று, 46 வயதில், பெங்களூர் விக்ரம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது அப்புவின் நிலையைச் சொல்ல மருத்துவர்கள் எழுதிய சொல் ‘அசிஸ்டோல்’. பேச்சுவழக்கில் அது ‘மாரடைப்பு’ ஆகிவிட்டது.

மாரடைப்பு வேறு. அதில் அடைபடுவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். ஆள் வியர்த்துக்கொண்டே பேசவும் செய்வார். அசிஸ்டோலில் துடிப்பே கிடையாது. முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம், அவ்வளவுதான் உறவு.

‘சிஸ்டோல்’ என்றால் கிரேக்கத்தில் இழுத்துச் சுருக்குதல். முன்னால் நிற்கும் ‘அ’, நாம் ‘அநீதி’யில் எடுத்துக்கொண்ட வடமொழி அகரத்தின் உறவுக்காரன்: இன்மைப் பொருள். கிரேக்க யாப்பிலும் ஒரு சிஸ்டோல் உண்டு, நெடிலைக் குறுக்கி ஒலிப்பது. நம் ஐகாரக்குறுக்கத்தைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு இனிக்கும்! இதயத் தசையின் சுருக்கத்துக்கும் எழுத்தின் குறுக்கத்துக்கும் ஒரே பெயர்.

அசிஸ்டோலில் ஈ.சி.ஜி. திரையில் நேர்கோடுதான். திரையில் அலை ஓடியும் கழுத்தில் நாடி இல்லாத நிலையை முன்பு ‘எலெக்ட்ரோமெக்கானிக்கல் டிஸ்ஸோஸியேஷன்’ என்றார்கள்: மின்சாரத்துக்கும் தசைக்கும் தொடர்பு அறுந்தது என்று. எக்கோவில் பார்த்தால் பலருக்கு இதயம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதனால் ‘பல்ஸ்லெஸ் எலெக்ட்ரிகல் ஆக்டிவிட்டி’ என்று மாற்றினார்கள். கண்டதை மட்டும் சொல்லும் நேர்மையான பெயர்.

அசிஸ்டோலுக்கும் சரி, இதற்கும் சரி, ஷாக் உதவாது. ஷாக், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அடக்குவதற்கு. இங்கே அடக்க ஒன்றுமில்லை. நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல் அமுக்க வேண்டும். மூச்சு கொடுக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மி.கி. ஒருவர் அமுக்கிக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஒயரைத் தடவிப் பார்ப்பார். கழன்ற ஒயரும் நேர்கோடுதான் காட்டும். கூடவே காரணம் தேடுவார்கள்: ரத்த இழப்பு, ஆக்சிஜன் குறைவு, ஏறிய பொட்டாசியம், விஷம், நுரையீரலில் ரத்தக்கட்டி. இதய உறைக்குள் ரத்தம் தேங்கி நெருக்கினால் அது ‘டாம்பொனேட்’. பிரெஞ்சில் ‘டாம்போன்’ என்றால் அடைப்பான். ஊசியால் உறிஞ்சி எடுத்தால் நாடி திரும்பக்கூடும். ‘மாரடைப்பு’ என்ற சொல் இதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

அப்புவுக்கு என்ன ஆயிற்று என்று பூக்காரரிடம் கேட்டேன். “ஹ்ருதய நிந்து ஹோய்து” என்றார். சொல்லின் முதலில் வரும் தமிழ்ப் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும்: நின்று போயிற்று.