இதை யாரு தம்பி எண்ணினது?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு இலவசமா டியூஷன் எடுக்கிறார். அதுக்குன்னு ஒரு சின்ன அறக்கட்டளையும் உண்டு. நிதி உதவி கேட்டு இங்கிலீஷில் ரெண்டு பக்கம் விண்ணப்பம் எழுதணும், "நீதான் கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையாச்சே தம்பி, எழுதிக் குடு" என்று கூப்பிட்டார்.

பொட்டி தட்டுறவனுக்கு ப்ரோகிராம் எழுத வரும், கடுதாசி எழுத வராதுங்கறது அவருக்குத் தெரியாது :-) நானும் காட்டிக்கொள்ளாமல் லேப்டாப்பைத் திறந்து, ஒரு ஏஐ செயலியிடம் நாலு வரியில் விஷயத்தைச் சொல்லி, விண்ணப்பம் எழுதச் சொன்னேன். அரை நிமிஷம்கூட ஆகலை, ரெண்டு பக்கமும் ரெடி. என்ன இங்கிலீஷ், என்ன நடை! ஒருதரம் படிச்சுப் பார்த்து, பெருமையா பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி பேனாவோடு படித்தார். ஒரு இடத்தில் பேனா நின்றது. எங்கள் மாணவர்களில் 83 சதவீதம் பேர் பத்தாம் வகுப்பில் முதல் முறையிலேயே தேர்ச்சி பெற்றுள்ளனர் என்று இருந்தது.

"இதை யாரு தம்பி எண்ணினது?"

"நான் எண்ணலை டீச்சர்..."

"நானும் எண்ணலையே. அப்ப கீழே நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வரியை நானும் படிச்சிருந்தேன், அப்போ உறுத்தவே இல்லை. அன்னிக்கு ராத்திரி அதுதான் உறுத்திச்சு. எழுத வராதவங்க அடுத்தவர் எழுத்தை வாங்கித் தன் பேரில் அனுப்புற பழக்கம் எப்போ ஆரம்பிச்சுதுன்னு தேட ஆரம்பிச்சேன். ரொம்பப் பழைய பழக்கம்தாங்க.

ஏழாம் நூற்றாண்டுக்குப் போவோம். இன்றைய பிரான்ஸ் பகுதியை பிராங்குகள் ஆண்ட காலம். மார்கல்ஃப் என்று ஒரு துறவி. எழுபது வயதைத் தாண்டிட்டேன், கை நடுங்குது, கண்ணும் மங்கிடுச்சுன்னு முன்னுரையிலேயே புலம்பிவிட்டு, எழுதப் பழகுகிறவர்களுக்காக மாதிரி ஆவணங்களைத் தொகுத்து வைத்தார். அரச ஆணை, நில தானம், விற்பனைப் பத்திரம் என்று எல்லாத்துக்கும் அதில் மாதிரி உண்டு. பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் "இன்னார்" என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கும். அந்தச் சொல் "இல்லே". நம்ம ஊர் "இல்லே" மாதிரியே ஒலிக்குது, அர்த்தமும் கிட்டத்தட்ட பொருந்துது பாருங்க. இங்கே பெயர் இல்லே, நீயே போட்டுக்கோ!

அடுத்து இத்தாலி. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கடிதம் எழுதுவதையே ஒரு கலையாகப் பாடம் நடத்தினார்கள். 1135 வாக்கில் போலோன்யாவில் உருவான ஒரு கையேடு, கடிதத்துக்கு ஐந்து பகுதிகள் சொல்கிறது: வணக்கம், படிப்பவர் மனதைக் குளிர வைக்கும் வரிகள், நடந்தது, கோரிக்கை, முடிவு. நம்ம தாலுகா ஆபீஸ் மனுவை எடுத்துப் பாருங்க. "மதிப்பிற்குரிய ஐயா"வில் ஆரம்பித்து "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" வரைக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். டீச்சருக்கு அந்தச் செயலி எழுதிக் கொடுத்ததும் இதே அஞ்சு அடுக்குதான்!

பிறகு லண்டன். 1739ல் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்ற அச்சக முதலாளியிடம் ரெண்டு புத்தக வியாபாரிகள் வந்து, சாதாரண ஜனங்கள் பார்த்து எழுதுகிற மாதிரி ஒரு கடிதப் புத்தகம் போட்டுத் தாங்கன்னு கேட்டார்கள். 1741ல் 173 கடிதங்களோடு அது வெளிவந்தது. பாக்கியைக் கேட்கும் கடிதம், வேலைக்கு சிபாரிசுன்னு கடைக்காரருக்கும் வேலைக்காரருக்கும் தேவையான சரக்கு எல்லாம் இருந்தது. வேலைக்குப் போன இடத்தில் முதலாளி தப்பாக நடக்கப் பார்த்ததைக் கேள்விப்பட்ட அப்பா மகளுக்கு எழுதும் கடிதமும் அதில் உண்டு. அந்தச் சூழ்நிலை அவரை விடவில்லை. மாதிரிக் கடிதங்களைப் பாதியில் நிறுத்திவிட்டு "பமீலா" நாவலை எழுதி முடித்தார். அது முந்திக்கொண்டு 1740லேயே வந்துவிட்டது.

இந்த வேலையை இயந்திரம் கையில் எடுத்தது நம்ம தாத்தா காலத்தில்தான். 1964ல் ஐபிஎம் ஒரு காந்த நாடா டைப்ரைட்டரைக் கொண்டுவந்தது. கடிதத்தை நாடாவில் ஒருதரம் பதிந்துவிட்டால் போதும், ஆளுக்கு ஆள் பெயரையும் முகவரியையும் மாத்தி அதுவே திரும்பத் திரும்ப அடிக்கும். 1978ல் வேர்ட்ஸ்டார் வந்தது. அதோடு மெயில்மெர்ஜ் என்ற துணை நிரலும் சேர்ந்துகொண்டதும், சின்ன ஆபீஸ்கூட ஆயிரம் பேருக்கு ஆயிரம் "தனிப்பட்ட" கடிதம் அனுப்ப முடிந்தது.

மார்கல்ஃபிலிருந்து மெயில்மெர்ஜ் வரைக்கும் ஒரு விஷயம் மாறவே இல்லை. வெற்றிடம் வெற்றிடமாகத் தெரிந்தது. "இன்னார்" என்று இருந்தால் பெயரை நீதான் போடணும். மறந்தால் உன் கடிதம் "அன்புள்ள இன்னார் அவர்களுக்கு" என்று போய்ச் சேரும், மானம் போகும். ஆனால் பொய் போகாது.

அந்த வெற்றிடத்தை இயந்திரமே நிரப்புகிற விளையாட்டை 1952ல் ஒருத்தர் செய்து பார்த்தார். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் காதல் கடிதம் எழுதும் ப்ரோகிராம் போட்டார். வாக்கிய அமைப்பு ரெடியாக இருக்கும். எந்த அடைமொழி, எந்தப் பெயர்ச்சொல் என்பதை இயந்திரம் குலுக்கிப் போட்டு எடுத்து, கீழே "எம்.யூ.சி." என்று தன் பெயரையும் போட்டுக்கொள்ளும். அதுவாவது சொந்தப் பேரில் கையெழுத்துப் போட்டுச்சு :-)

இப்போது இருக்கும் சமாச்சாரம் வேற. 2017ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை அடித்தளம் போட்டது. 2020ல் 17,500 கோடி அளவுருக்களோடு ஜிபிடி-3 வந்தது. 2022 நவம்பர் 30ல் சாட்ஜிபிடி எல்லார் கைக்கும் வந்தது. அடிப்படையில் இவை செய்வது, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்குப் போடுவது. நிதி விண்ணப்பம் என்றால் அந்த இடத்தில் ஒரு சதவீதம் வரும், அதனால் ஒரு சதவீதத்தைப் போட்டுடும். அது உண்மையான்னு தனியா யாராவது சரிபார்த்தால்தான் உண்டு. "இல்லே" என்று எழுதவேண்டிய இடத்தில் 83 வந்து உட்காரும், பார்க்கிறவன் கண்ணுக்கு வெற்றிடமே தெரியாது.

இதனால் அடிபட்ட பெரிய இடங்கள் உண்டு. 2023ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த, உலகத்திலேயே இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பு. பாட்டி இறந்து அவசரமாகப் பயணம் செய்த ஒருவருக்கு ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தப்பான தகவல் கொடுத்திருந்தது. சாட்பாட் சொன்னதுக்கு சாட்பாட்தான் பொறுப்பு என்கிற ரீதியில் நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, பணத்தைக் கொடு என்றது. பெரிய கம்பெனி தாங்கிக்கும். தெருமுனை மளிகைக் கடையும் டீச்சரின் அறக்கட்டளையும் தாங்குமா?

இன்னொன்று, கேட்டதும் எனக்குச் சங்கடமாக இருந்தது. 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆறுதல் கடிதம் அனுப்பியது. ஒருத்தருக்கொருத்தர் அக்கறையாக இருப்போம் என்கிற மாதிரி கடிதம். கடைசியில், இது சாட்ஜிபிடியிலிருந்து எடுத்து மாற்றி எழுதியது என்று ஒரு குறிப்பு. மாணவர்கள் கொதித்துப்போக, அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. இங்கே தகவல் பிழை பெரிய பிரச்சினை இல்லை. நீ உட்கார்ந்து எங்களை நினைத்து எழுதினாயா என்பதுதான் கேள்வி.

அதுக்காக ஏஐ வேண்டாம்னு சொல்ல வரலை. இங்கிலீஷ் தெரியாததால் விண்ணப்பமே போடாமல் விட்டவங்க எத்தனையோ பேர். ரிச்சர்ட்சன் புத்தகத்தைப் பார்த்துக் கடிதம் எழுதினவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்றால் நாமும் வெட்கப்பட வேண்டாம். நடையைக் கடன் வாங்கலாம், நடந்ததைக் கடன் வாங்க முடியாது.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்களைக் கவனிச்சிருக்கீங்களா? அவரும் அதே அஞ்சு அடுக்கில்தான் எழுதுவார். ஆனால் எழுதுவதற்கு முன்னால் கேள்வி கேட்பார். எந்த ஊரு, எத்தனை சென்ட், பட்டா யார் பேர்ல, எப்பலேர்ந்து தகராறு? பதில் தெரியலைன்னா, "போய்க் கேட்டுட்டு வாம்மா" என்பார். நான் அந்தச் செயலியிடம் எழுதச் சொன்னேன். முதலில் கேள்வி கேட்கச் சொல்லியிருக்கணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அதைத்தான் செய்தோம். தெரியாததை நீயா நிரப்பாதே, கோடு போட்டுவிடு, என்னென்ன தகவல் வேணும்னு கேளு என்று சொன்னேன். பதினோரு கேள்வி வந்தது. டீச்சர் பழைய வருகைப்பதிவு நோட்டுகளை எடுத்துவந்தார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினோம். ரெண்டு வருஷத்தில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் 19 பேர். பாஸ் 12. சதவீதம் போட்டால் 63தான் வரும்.

ஒரு பெயரில் டீச்சர் விரல் நின்றது. "இவன் அப்பாவுக்கு முடியாமப் போச்சு, மார்க்கெட்டுல மூட்டை தூக்கப் போயிட்டான். பரீட்சைக்கு முந்தின வாரம் வரைக்கும் ராத்திரி வந்து படிச்சான்" என்றார். அதையும் எழுதலாமா டீச்சர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேர் போடாம எழுது" என்றார்.

விண்ணப்பம் போயாச்சு. பதில் இன்னும் வரலை. கிடைக்குமான்னு தெரியாது. 83ஐ விட 63 கம்மிதான். ஆனால் யார் எண்ணினதுன்னு கேட்டால் இப்போ பதில் இருக்கு. கையெழுத்துப் போடும்போது டீச்சர் பேனா நிக்கலை.

டிஸ்கி: இந்தப் பதிவை நானே எழுதினேன். தப்பு இருந்தால் என்னைத்தான் திட்டணும் :-)