பதிவறைத் தூசியும் கூகுள் தேடலும்

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் போனால் ஒத்தக்கடைக்கு முன்பாக உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. 2004 ஜூலை 24 அன்று திறந்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ரயில் ஏறிய தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிளையில் 2021-இல் ஒருவர் ஒரு மனுப் போட்டார். பெயர் சொல்லப் போவதில்லை. என் பெயர் வேண்டாம் என்பதுதான் அவர் மனுவே.

அவர் மீது ஒரு கடுமையான குற்ற வழக்கு இருந்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை. மேல்முறையீட்டில் இதே மதுரைக் கிளை 2014-இல் அவரை விடுதலை செய்துவிட்டது. சட்டப்படி கணக்கு தீர்ந்தது. ஆனால் கூகுளில் அவர் பெயரைத் தட்டினால் அந்தத் தீர்ப்பு வந்து நிற்கும். 2008-லிருந்து நடக்கும் 'இந்தியன் கானூன்' என்ற இணையதளம் நாட்டின் தீர்ப்புகளையெல்லாம் இலவசமாக வைத்திருக்கிறது. வக்கீல்கள் தினமும் புழங்கும் நல்ல தளம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எந்தத் தீர்ப்பிலும் குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் இருக்கும், விடுதலை கடைசிப் பத்தியில் இருக்கும். வேலை கொடுக்கிறவனும் பெண் கொடுக்கிறவனும் கடைசிப் பத்தி வரை படிப்பார்களா?

தனி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதலில், விடுதலையானவருக்குத் தன் பெயரை நீக்கிக் கேட்க உரிமை உண்டு என்கிற பக்கம்தான் சாய்ந்திருந்தார். பலதரப்பு வாதங்களையும் கேட்ட பிறகு, இதற்கென்று சட்டமோ அளவுகோலோ இல்லாமல் கோர்ட்டு தானாகச் செய்ய முடியாது என்று 2021 ஆகஸ்ட் 3 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு. 2024 பிப்ரவரி 27 அன்று நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர். விஜயகுமார் அமர்வு அதை மாற்றியது. கோர்ட்டின் மூலப் பதிவு அப்படியே இருக்கட்டும். பொதுமக்களுக்குக் கொடுக்கும் பிரதியில் பெயரை மறைக்க வேண்டும். இந்தியன் கானூன் அந்தத் தீர்ப்பைத் தன் தளத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றது. தளத்தார் டெல்லிக்குப் போனார்கள். 2024 ஜூலை 24 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. நம் கிளை திறந்து சரியாக இருபது வருஷம் ஆன நாள். தற்செயல்தான்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு பொதுச் சொத்து. இன்று ஒருவர் பெயரை எடுத்தால் நாளைக்கு ஊரை ஏமாற்றியவனும் வரிசையில் வந்து நிற்பான்.

இந்த முடிச்சு விழுந்த இடமும் தமிழ்நாடுதான். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொன்ன சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனதும், அதிகாரிகள் தடுக்கப் பார்த்ததும் ஞாபகம் இருக்கும். அந்த வழக்கில் 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பை இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். குடிமகனுக்குத் தன்னைத் தனியாக விடச் சொல்லும் உரிமை உண்டு. ஆனால் ஒரு விஷயம் பொதுப் பதிவில், கோர்ட்டுப் பதிவு உட்பட, ஏறிவிட்டால் அதற்கு அந்த உரிமை கிடையாது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயர் போன்றவை மட்டும் விலக்கு. 1994-இல் இது சரியான தீர்ப்பு. ஏனென்றால் 1994-இல் 'பொதுப் பதிவு' என்பதற்கு வேறு அர்த்தம்.

அன்று ஒரு பழைய தீர்ப்பு வேண்டுமென்றால் வழக்கு நம்பர் தெரிந்திருக்க வேண்டும். நகல் மனு எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகல் பிரிவில் நான்கு நடை நடக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெட ஒருவனுக்குப் பலத்த காரணம் இருக்க வேண்டும். சும்மா இருக்கிற சாயங்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன் என்று பார்ப்போமே என்று எவனும் நகல் பிரிவுக்குப் போனதில்லை. பதிவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. அதைத் தூசி காவல் காத்தது. சட்டம் தந்ததைவிடப் பெரிய பாதுகாப்பு அந்தத் தூசியும் அலைச்சலும். தேடுபொறி வந்து அதைத் துடைத்துவிட்டது. சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை, நிலைமை தலைகீழாகிவிட்டது.

இதை நான் கொஞ்சம் உரிமையோடு பேசுவதற்குக் காரணம், முப்பத்துச் சொச்சம் வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன். தன்பதிவேட்டில் நடப்புக் கணக்கு எண் போட்டு ஆரம்பிக்கிற எந்தத் தாளும் முடிவில் நாலைந்து வகையில் ஒன்றாகத்தான் பதிவறைக்குப் போகும். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. ஒரு வருஷம் கழித்து அழித்துவிடலாம். மூ.மு. மூன்று வருஷம். ப.மு. பத்து வருஷம். நி.மு. நிரந்தரம். பழைய ஆட்கள் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்பார்கள். ஒரு கோப்பை முடிக்கும்போதே அது எப்போது சாக வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். வெள்ளைக்காரன் இடப்பற்றாக்குறைக்காகப் போட்ட விதியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு நாகரிகம் இருந்தது. எவனோ எவன் மேலோ கோபத்தில் எழுதிய மொட்டைக் கடுதாசி காலத்துக்கும் அவன் பின்னால் வராது. கூகுளில் போடும் எல்லாமே தானாக நி.மு. ஆகிவிடுகிறது. முடிவு வகை எழுத அங்கே குமாஸ்தா இல்லை.

அழியாத பதிவேடு என்ன செய்யும் என்பதை மதுரைக்காரர்களுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லித்தர வேண்டாம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் 'ரேகைச் சட்டம்' என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை. எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டாம். பிறந்த சாதியே போதும், பெயரும் கைரேகையும் பதிவேட்டில் ஏறும். ராத்திரி போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் இந்த விஷயத்தில் என் புத்தி பாரிஸ் பக்கமும் போகும். அங்கேயும் ஒரு பதிவேட்டுக் கதை உண்டு. ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, 1940 அக்டோபரில் பாரிஸ் வட்டாரத்து யூதர்களைக் கணக்கெடுத்துப் போலீஸ் அட்டைகள் தயாரித்தது. 1942 ஜூலையில் அந்த அட்டைகளை வைத்துத்தான் வீடு வீடாகப் போய் இரண்டு நாளில் ஏறக்குறைய 13,000 பேரைப் பிடித்தார்கள். அதனால்தான், 1974-இல் அரசாங்கம் எல்லா இலாகாக் கோப்புகளையும் ஒரே எண்ணால் கம்ப்யூட்டரில் கோக்க 'சஃபாரி' என்று பெயரிட்டு ஒரு திட்டம் போட்டபோது நாடே பதறியது. மார்ச் 21 அன்று 'ல மோந்த்' பத்திரிகை 'சஃபாரி அல்லது பிரெஞ்சுக்காரர் வேட்டை' என்று தலைப்புப் போட்டது. அந்த வருஷம் விடுமுறைக்கு வந்த பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் உறவினர்கள் இதைத்தான் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரையே பார்த்திராத எனக்குப் பாதி புரியவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். 1978 ஜனவரி 6 அன்று கணினியும் சுதந்திரமும் பற்றிய சட்டம் வந்தது; அதைக் காவல் காக்க 'க்னில்' என்ற ஆணையமும் வந்தது. 'த்ருவா அ லூப்லி', அதாவது மறக்கப்படும் உரிமை, என்று பிரெஞ்சு வக்கீல்கள் வெகுகாலமாகப் பேசி வந்தது அங்கே வேர்பிடித்தது.

அது உலகத்துக்குத் தெரிந்தது ஸ்பெயின்காரர் ஒருவரால். கடன் பாக்கிக்காக அவர் சொத்து ஏலத்துக்கு வந்த விளம்பரம் 1998-இல் பார்சிலோனா நாளிதழ் ஒன்றில் வந்தது. கடன் தீர்ந்து பல வருஷம் கழிந்தும் கூகுளில் அவர் பெயருக்கு அதுவே வந்தது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்வு ஒரு பதிவறைக்காரனுக்கு உடனே புரியும். பத்திரிகை அப்படியே இருக்கட்டும். அந்தப் பெயரைத் தேடினால் அங்கே கொண்டுபோகும் வழியை மட்டும் கூகுள் அடைக்க வேண்டும். கட்டு அலமாரியில் இருக்கட்டும், அட்டவணையிலிருந்து பெயரை எடு. மதுரைக் கிளையின் 2024 உத்தரவு இதைவிட ஒரு படி மேலே போய்க் கட்டின் பொதுப் பிரதியையே மாற்றச் சொன்னது. அட்டவணையோடு நின்றிருந்தால் டெல்லியில் தாக்குப்பிடித்திருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம். நான் வக்கீல் இல்லை.

இதுவரை சொன்னது தேடப்படுகிறவர் கதை. தேடுகிறவருக்கும் பதிவேடு இருக்கிறது. அதை வைத்துத்தான் விளம்பர வியாபாரம் நடக்கிறது. 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மோன்டுல்லி என்பவர் 'குக்கீ' என்ற சின்னக் குறிப்பைக் கண்டுபிடித்தார். கடைக்கு மறுபடி வந்த வாடிக்கையாளரைக் கடை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அவ்வளவே நோக்கம். பின்னால் ஒரே விளம்பரக்காரர் ஆயிரம் கடையில் ஆள் வைத்து, நீங்கள் எந்தெந்தக் கடை ஏறி இறங்கினீர்கள் என்று கோத்துப் பார்க்க அது வசதியாகிவிட்டது. முழங்கால் வலிக்கு என்ன தைலம் என்று நான் ஒருநாள் தேடினேன். மறுநாள் பேப்பர் படிக்கப் போன பக்கத்திலெல்லாம் முழங்கால். இதே வேலைக்காக, ஒழுங்காகச் சம்மதம் கேட்கவில்லை என்று க்னில் 2019 ஜனவரியில் கூகுளுக்கு 5 கோடி யூரோ அபராதம் போட்டது.

முகநூல் போன்றவை கொண்டுவந்தது இன்னொன்று: உறவு. நம் பக்கத்தில் மொய் நோட்டு இருக்கிறதே, யார் யாருக்கு என்ன முறை, யார் எவ்வளவு செய்தார், யார் செய்யாமல் நழுவினார் என்று ஒரு குடும்பத்தின் மொத்த உறவும் அதில் அடக்கம். அதை ஜவுளிக்கடைக்காரருக்குப் பிரதி எடுக்கக் கொடுப்போமா? போனில் உள்ள நம்பர்களையெல்லாம் பார்க்க அனுமதி என்று ஒரு பொத்தானை அழுத்தும்போது அதைத்தான் செய்கிறோம். கொடுப்பது நாம், போவது மற்றவர் விவரம். 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா விவகாரம் வெடித்தபோது ஃபேஸ்புக் கம்பெனியே கொடுத்த கணக்கு இது: இந்தியாவில் அந்தச் செயலியை இறக்கியவர்கள் 335 பேர். விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். மீதிப் பேர் எதையும் அழுத்தவில்லை. யாருக்கோ நண்பர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

விளம்பரக்காரர்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு ரேகைச் சட்டம் ஞாபகம் வருகிறது. உங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுங்கள், அவர்களைப் போன்றவர்களைத் தேடித் தருகிறோம் என்று விற்கிறார்கள். நீங்கள் செய்ததை வைத்து இல்லாமல், யாரைப்போல இருக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவு. சோப்பு விற்பதும் துப்பாக்கியும் ஒன்றாகாது, தெரியும். ஆனால் கடன் கொடுக்கலாமா, வேலைக்கு எடுக்கலாமா என்பதற்கும் இதே முறை வரும்போது பெருங்காமநல்லூரில் நின்றவர்களின் கேள்வி பழசாகவில்லை.

நம் நாட்டில் இதற்கு அடித்தளம் போட்டவர் நம்மைப் போன்ற ஓய்வூதியர் என்பதில் எனக்குப் பெருமை. கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி, எண்பது கடந்த வயதில், 2012-இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து மனுப் போட்டார். அதில்தான் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. நம் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் சட்டக் கடமைப்படி பொதுவில் வெளியான விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் இருக்கிறது. உலகனேரியில் மனுப் போட்டவருக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றுதான் என் வாசிப்பு.

சில நண்பர்கள் என்னதான் செய்வது என்று கேட்கிறார்கள். கூகுள் கணக்கில் 'என் செயல்பாடு' என்று ஒரு பக்கம் உண்டு. நாம் தேடியதெல்லாம் தேதிவாரியாக அங்கே இருக்கும். அதைத் தானாக அழிக்கும் வசதியை 2019-இல் கொண்டுவந்தார்கள். மூன்று மாதம், பதினெட்டு மாதம், முப்பத்தாறு மாதம் என்று மூன்று வகை. பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் அதை இயக்கத்தில் போடாவிட்டால் அழியாமலே கிடக்கும். நான் மூன்று மாதம் என்று வைத்திருக்கிறேன். ஓ.மு.வைவிடக் குறைவு.