ஓநாய், வண்ணத்துப்பூச்சி, சிறுநீரகம்

லூபஸ் என்றால் இலத்தீனில் ஓநாய். ஓநாய் கடித்ததுபோல் முகத்தைப் புண்ணாக்கும் நோய்களுக்கு இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் வைத்த பெயர் அது. 1846இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா, மூக்கிலும் இரு கன்னங்களிலும் படரும் சிவப்பை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். ஓர் உவமை எதைக் காட்டுகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன். இந்த இரண்டு உவமைகளும் முகத்தைக் காட்டி, சிறுநீரகத்தை மறைத்தன.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய் இது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். தோலோடு இது நிற்பதில்லை, காய்ச்சலும் மூட்டு வலியுமாக உள்ளே இறங்கி உயிரையும் எடுக்கும் என்று 1872இல் மோரிட்ஸ் கபோசி எழுதினார். 1895 முதல் வில்லியம் ஆஸ்லர் இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்.

பெண்கள் இதையெல்லாம் முன்பே சொல்லியிருப்பார்கள். அசதி, மூட்டு வலி, முடி உதிர்தல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல். “பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கறதுதானே” என்று தள்ளப்படும் பட்டியலும் இதுவேதான். என் முகத்தில் சிவப்பு படரவில்லை. அதனால் இரண்டு வருடம் இரத்தசோகை என்றார்கள், வேலைப்பளு என்றார்கள். “மனசை எதிலாவது ஈடுபடுத்துங்கம்மா” என்றார் ஒரு மருத்துவர்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்க்ரேவ்ஸ் குழுவினர் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விசித்திரச் செல்லைக் கண்டார்கள். இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கிய செல் அது. 1957இல் ஏ.என்.ஏ. பரிசோதனை வந்தது. பெண்ணின் சொல்லுக்கு முகத்தைத் தாண்டி ஒரு சாட்சி கிடைத்தது. 1950களில் நோய் உறுதியானவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே நான்கு ஆண்டுகளைக் கடந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேர் பத்தாண்டுகளைக் கடக்கிறார்கள்.

ஆனால் சாட்சி யார் கையில் இருந்தது? அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் 25 வயதில் நோயில் விழுந்தார். அவருடைய தந்தை 1941இல் லூபஸால் இறந்தவர். மகள் தாங்கமாட்டாள் என்று தாய் உண்மையை மறைத்து, மூட்டுவாதம் என்று சொல்லிவைத்தார். 1952இல் ஒரு தோழி சொல்லித்தான் ஓ’கானருக்குத் தன் நோயின் பெயர் தெரிந்தது. 1964இல், 39 வயதில், சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்.

எங்கள் பக்கமும் அம்மாக்கள் மறைக்கிறார்கள், கல்யாணத்துக்காக. என் பழைய மாணவி ஒருத்தி மாமியார் வீட்டில் மாத்திரை அட்டையைச் சத்து மாத்திரை என்று சொல்லிவைத்திருந்தாள். எத்தனை நாளைக்குச் சத்து மாத்திரை என்ற கேள்வி வந்ததும் நிறுத்திவிட்டாள். நான்காம் மாதம் கால் வீங்கியது. நோய் அடங்கி ஆறு மாதமாவது ஆன பிறகு, மாத்திரையை விடாமல், மருத்துவர் கண்காணிப்பில் பிள்ளை பெறலாம் என்பதை அந்த வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சிறுநீரகம் வலிக்காது, அதுதான் ஆபத்து. லூபஸ் உள்ளவர்களில் பத்தில் நான்கைந்து பேருக்கு அது பாதிக்கப்படுகிறது. முதல் அடையாளம் சிறுநீரில் கசியும் புரதம். இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும்வரை காத்திருந்தால் அதற்குள் பெரும்பகுதி போயிருக்கலாம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீர், கிரியாட்டினின், இரத்த அழுத்தம், சி3, சி4 எல்லாம் பார்க்க வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுபவர்கள் விழித்திரையையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிட்டால் எலும்பையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டுநோய்க்கென்று தனித்துறை 1970களில் ஏ.என். சந்திரசேகரன் முயற்சியில் உருவானது. அமராவதி நகரிலிருந்து அது ஓர் இரவுப் பயணம். கோவைக்குப் போய்வரவே ஒரு நாள் வேண்டும். உடுமலை நூற்பாலையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ வேலை செய்பவளுக்கு ஒரு நாள் என்பது ஒரு ஷிப்ட் கூலி. செக்கிங் டேபிளில் நின்றே பிசிறு வெட்டுகிறவளின் கால் வீங்கினால், நின்றதால் வந்த வீக்கம் என்றுதான் அவளே நினைப்பாள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு உதவலாம் என்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்தார்கள். ஏற்றுமதித் தடை, தளர்வு என்று உலக அரசியலே அந்த மாத்திரையைச் சுற்றி நடந்தது. கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று பெரிய ஆய்வுகள் பிறகு காட்டின. 1950களிலிருந்து அதை நம்பி வாழ்ந்த லூபஸ் பெண்களின் பேச்சு அந்தச் சத்தத்தில் எங்கும் கேட்கவில்லை. அந்த ஏப்ரலில் உடுமலையில் கடைகடையாக ஏறி இறங்கியும் எனக்கு ஓர் அட்டைகூடக் கிடைக்கவில்லை.

இந்த நோயின் வரலாற்றை இதுவரை நம்மைப் பார்த்தவர்கள் எழுதினார்கள். இனி நம் கையிலும் ஒரு பதிவேடு இருக்கட்டும். தேதி, சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின், இரத்த அழுத்தம் என்று நாற்பது பக்க நோட்டில் நான்கு பத்தி போதும். மருத்துவர் மாறினாலும், வீடு மாறினாலும் நோட்டு நம்மோடு வரும். சிறுநீர்ப் பரிசோதனையை ஆலை வாசலுக்கே கொண்டுவரலாம். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. அந்த நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்று கேட்கிற வேலைதான் பாக்கி.