கண்டகி கொண்டுவந்த கல்

பெருமாள் பெட்டிக்குள் துளசி இலைக்கு அடியில் கிடக்கும் சாளக்கிராமத்துக்கு வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். பிறந்தது மலையில் அல்ல, கடலில். இமயமலை என்ற ஒன்றே அப்போது கிடையாது. இந்தியா தெற்கே கோண்ட்வானா பெருங்கண்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதன் வடகரையில் அலையடித்தது டெத்தீஸ் கடல்.

அந்தக் கடலில் வாழ்ந்த பிராணிதான் அம்மோனைட். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு, ஆனால் சுருண்ட ஓடு உண்டு. ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புகள். உடம்பு இருப்பது வாசல் அறையில் மட்டும். மற்ற அறைகளின் ஊடே ஓடும் மெல்லிய குழாயால் நீரை வெளியேற்றி வாயுவை நிரப்பி மிதந்துகொள்ளும். செத்ததும் அடியிலிருந்த கரிய சேற்றில் புதைந்தது. பிராணவாயு அதிகம் எட்டாத சேறு அது. சதை அழுகியதால் நேர்ந்த ரசாயன மாற்றத்தில், ஓட்டைச் சுற்றியிருந்த சேறு மட்டும் தனியாக இறுகி உருண்டையாயிற்று. அந்த உருண்டைதான் சாளக்கிராமம். இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட்டாகி ஓட்டின் வரிகளில் படிந்தன. சில கற்களில் பொன்ரேகை மின்னுகிறதே, அது இந்தப் பைரைட்தான்.

சாளக்கிராமத்துக்குள் தெரியும் சுருள் வரிகளைச் சக்கரம் என்பார்கள்; வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்து அதைச் செதுக்கியதாகப் புராணம் சொல்லும். சக்கரத்துக்குக் காரணம் ஓர் உயிர் என்று ஊகித்தவர்களை மெச்சத்தான் வேண்டும். கல்லுக்குள் உயிர் புகவில்லை, உயிரைச் சுற்றித்தான் கல் விளைந்தது, வித்தியாசம் அவ்வளவே.

பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருந்தது, நகர்ந்தது நாடு. கோண்ட்வானாவிலிருந்து பிய்ந்த இந்திய நிலத்தட்டு வடக்கே ஓடியது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ. வேகம். நிலத்தட்டுகளின் கணக்கில் அது தலைதெறிக்கும் ஓட்டம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் போய் முட்டியது. டெத்தீஸ் மூடிக்கொண்டது. அதன் அடிச்சேறு களிப்பாறையாகி, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேலே கிளம்பியது. நேபாளத்தின் முஸ்தாங்கில் இன்று கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் நிற்கிறது முக்திநாத். அந்த வட்டாரத்துக் கரும்பாறைகளில் கடல்பிராணிகள் கிடக்கின்றன. அங்குள்ள ஜ்வாலாமாயி கோயிலில் நீரோட்டத்தை ஒட்டி எரியும் நீலச்சுடருக்கும் நிலத்துக்கு அடியிலிருந்து கசியும் வாயுதான் எரிபொருள்.

முக்திநாத்தின் இதே கரும்பாறை இமாசலத்தின் ஸ்பிதியிலும் உண்டு; நிலவியலில் அதற்கு ஸ்பிதி களிப்பாறை என்றே பெயர். அங்கும் அம்மோனைட் கிடைக்கும். ஆனால் பூஜைக்குப் போகும் பாக்கியம் கண்டகிக் கல்லுக்குத்தான். அதற்கு அந்த ஆறு செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

காளி கண்டகி திபெத் எல்லையை ஒட்டிப் பிறந்து தெற்கே வருகிறது. வழியை மறித்து மேற்கே தவுளகிரி, 8,167 மீட்டர். கிழக்கே அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இரண்டு சிகரங்களுக்கும் இடையே சுமார் 35 கி.மீ. நடுவில் வெறும் 2,500 மீட்டர் உயரத்தில் ஆறு ஓடுகிறது. பொதுவாக ஆறு மலையைச் சுற்றித்தான் போகும், இது எப்படி ஊடே போயிற்று? ஆறு மலைக்கு மூத்தது என்பது நிலவியலாளர் பலரின் விடை. மலை எழ எழ, ஆறு தன் தடத்தை விட்டுக்கொடுக்காமல் அறுத்துக்கொண்டே இருந்தது. உலகிலேயே ஆழமான பள்ளத்தாக்கு இது என்று சுற்றுலாக்காரர்கள் பெருமையடிப்பதை நான் கண்டுகொள்வதில்லை. எட்டாயிரம் மீட்டர் சிகரத்திலிருந்து ஆழத்தை அளந்தால் எந்தப் பள்ளமும் ஜெயிக்கும். அறுத்ததுதான் அதிசயம்.

அந்த அறுப்பு இல்லாவிட்டால் கல் மலைவயிற்றிலேயே கிடந்திருக்கும். களிப்பாறை பனியிலும் மழையிலும் தகடு தகடாக உதிரும், கைவிரலால் நெரித்தாலே நொறுங்கும். உள்ளிருக்கும் உருண்டை நொறுங்காது. சரிவில் உருண்டு ஆற்றில் விழுகிறது. வெள்ளம் அதை மற்ற கற்களோடு மோதி உருட்டி வழவழப்பாக்குகிறது. மோதலில் ஓரம் உடைந்து துளை விழுந்தால் உள்ளேயுள்ள வரிகள் தெரியும். துளைக்கு வாய் என்றும் வரிகளுக்குச் சக்கரம் என்றும் பெயர். உடையாமல் முழு உருண்டையாகவே வருபவையும் உண்டு. வெள்ளம் வடிந்தபின் ஆற்றுப்படுகையில் பொறுக்குகிறார்கள். 2015 மே மாதம் மலைச்சரிவு ஒன்று இந்த ஆற்றையே பல மணி நேரம் மறித்துவிட்டது; பிறகு ஆறு அதையும் தாண்டி இறங்கியது. மலை எழுவதும் ஆறு அறுப்பதும் இன்னும் நிற்கவில்லை.

108 திவ்யதேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்ற தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறில் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளின் திருமேனிக்குள் 16,008 சாளக்கிராமங்கள் என்பது ஐதீகம். பிரதிஷ்டை தேவையில்லை, கல்லே பெருமாள் என்பதால் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. தாத்தா காசி யாத்திரையில் வாங்கியது, பாட்டி சீதனமாகக் கொண்டுவந்தது என்று பெட்டி நிறைந்தது.

இப்போது அடுத்த இடப்பெயர்ச்சி. தினம் திருமஞ்சனமும் நைவேத்தியமும் தவறக்கூடாது என்பது விதி. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்களுக்கு முடியவில்லை. பெட்டியை வாங்கிக்கொள்வார்களா என்று கோயிலிலும் மடத்திலும் போய்க் கேட்கிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு தாம்பாளம் நிறைய இருக்கிறது; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திருமஞ்சனம்தான்.