தகுதியும் இரகசியமும்: பிரித்தானிய வைத்திய நிபுணர் விருதுத் திட்டம் பற்றிய சில சிந்தனைகள்

1948 யூலை 5ஆம் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டமை, முதலாளித்துவ சமூகமொன்றினுள் உழைக்கும் மக்கள் ஈட்டிய பெருவெற்றிகளுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. அக்கணிப்பு தவறன்று. ஆயின், அவ்வெற்றிக்காகக் கொடுக்கப்பட்ட விலை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அவ்விலையின் ஒரு பகுதியே வைத்திய நிபுணர்களுக்கென வகுக்கப்பட்ட தகுதி விருதுத் திட்டமாகும்.

1948க்கு முன்னர் அறக்கொடையில் இயங்கிய பெரிய வைத்தியசாலைகளில் நிபுணர் பெரும்பாலும் ஊதியமின்றிப் பணியாற்றினர். அவர்தம் வருவாய், வசதி படைத்த தனிப்பட்ட நோயாளரிடமிருந்து வந்தது. அத்தகையோரை அரச சம்பளம் பெறுவோராக மாற்றுவது எளிதான காரியமன்று. தொழிற்கட்சியின் சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் அவர்களுடன் உடன்பாடு காண வேண்டியவரானார். பொன்னால் அவர்களின் வாயை அடைத்ததாக அவர் கூறினார் என வழங்கிவரும் கூற்று இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1948இல் வெளிவந்த ஸ்பென்ஸ் குழுவின் அறிக்கை அப்பொன்னுக்கு வடிவம் தந்தது. நிபுணரின் அடிப்படைச் சம்பளத்தின் உச்சம் 2,750 பவுண். அதற்கு மேலாக, நூற்றுக்கு நால்வருக்கு 2,500 பவுணும், பதின்மருக்கு 1,500 பவுணும், இருபதின்மருக்கு 500 பவுணும் ஆண்டுதோறும் வழங்கப்படலாயிற்று. முதல் வகுப்பு விருது பெற்றவரின் வருவாய் ஏறத்தாழ இருமடங்காகியது. ஓய்வூதியமும் அதற்கேற்ப உயர்ந்தது. நிபுணர் பலர் தனிப்பட்ட நோயாளரைப் பார்க்கும் உரிமையையும் இழக்கவில்லை. சந்தையில் நிலவிய படிநிலை அரச சேவையினுள் ‘தகுதி’ என்னும் பெயரில் மறுபிறப்பெடுத்தது எனலாம்.

தகுதியைத் தீர்மானித்தவர் யாவர்? 1949 முதல் 1962 வரை விருதுக் குழுவின் தலைவராக விளங்கியவர், சேர்ச்சிலின் வைத்தியரும் ரோயல் மருத்துவர் கல்லூரியின் தலைவராக விளங்கியவருமான மொரான் பிரபு. அவர் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று முன்னணி நிபுணரிடம் உசாவியே தெரிவுகளுக்கு வழிவகுத்தார். விருது பெற்றோரின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. ஒரே வைத்தியசாலையிற் பணிபுரிவோருக்குங்கூட அடுத்தவர் பெறுவது தெரியாதிருந்தது. நமது புறப்பாடல்கள் காட்டும் பரிசில் மரபிலும் வரிசையறிதல் புரவலனின் தனியுரிமையாகவே இருந்தது. எனினும் அங்கே கொடை அவையறிய வழங்கப்பட்டது, பாடவும்பட்டது. இங்கோ மக்களின் வரிப்பணம் மக்களறியாது பகிரப்பட்டது.

மொரானின் உலகநோக்கு ஒளிவுமறைவற்றது. 1958இல் அரச ஆணைக்குழு முன் சாட்சியமளிக்கையில், வைத்தியத் தொழிலை ஓர் ஏணியாக உருவகித்து, அதிலிருந்து வீழ்ந்தோரே குடும்ப வைத்தியர் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். எழுந்த கொந்தளிப்பு பெரிது. ஆனால் விருதுத் திட்டத்தின் உள்ளடக்கம் அவ்வேணியே என்பதை அவர் மறைக்காமற் சொல்லிவிட்டார் என்ற அளவில் நாம் அவருக்கு நன்றியுடையோம்.

விருதுகள் போதனா வைத்தியசாலைகளிலும், இருதய, நரம்புச் சத்திரசிகிச்சை போன்ற புகழ்மிக்க துறைகளிலும் குவிந்தன. முதியோர் மருத்துவம், உளமருத்துவம் ஆகியவை பின்தள்ளப்பட்டன. உள்நாட்டவர் விரும்பாத இத்துறைகளையே இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய முன்னைய குடியேற்ற நாடுகளிலிருந்து சென்ற வைத்தியர் பெரிதும் தாங்கி நின்றனர். இலங்கையின் இலவசக் கல்வி உருவாக்கிய உழைப்பு அவ்வழியே அங்கு சென்று, அங்கும் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டது. வெள்ளையின நிபுணருக்கு ஏனையோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விருதுகள் கிடைத்தமையை 1998இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

இதனைத் தெரிவாளரின் இனச்சார்பு என்று மட்டும் விளக்குவது தாராண்மைவாதியின் வழக்கம். சார்பு இருந்தது உண்மையே. ஆயினும், ஆய்வுக் கட்டுரைகளும் நாடளாவிய புகழும் தகுதியின் அளவுகோல்களாகும்போது, அவற்றுக்கு வேண்டிய ஓய்வு நேரம், உதவி வைத்தியர், ஆய்வுகூடம் ஆகியவை எங்கே குவிந்துள்ளன என்பதே முதல் வினாவாகிறது. ஆளணி குறைந்த விடுதியில் நாட்பட்ட நோயாளரைப் பராமரிப்பவரிடம் இவை இருப்பதில்லை. உழைப்பின் சூழ்நிலை ஈட்டித் தந்ததைத் தனிமனிதனின் ஆற்றலாகக் காட்டுவதிலேதான் இத்திட்டத்தின் கருத்தியற் பணி அடங்கியுள்ளது.

எல்லோருக்கும் ஒரே ஊதியம் வேண்டுமென்பது நமது வாதமன்று. சமவுடைமையின் முதற்கட்டத்தில் உழைப்புக்கேற்ற பங்கீடு தவிர்க்கவியலாதது என மார்க்ஸ் 1875இலேயே கோதா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனத்தில் ஏற்றிருந்தார். அதன் குறைபாட்டையும் அங்கேயே சுட்டியிருந்தார். இங்குள்ள சிக்கல், நிபுணரின் உழைப்பைப் பிரதானமாக நிபுணரே அளந்தமையாகும். அருகில் நின்று பணியாற்றிய தாதியோ படுக்கையிற் கிடந்த நோயாளியோ அவ்வளவையில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

சீர்திருத்தங்கள் வந்தன. இரகசியம் படிப்படியாக நீங்கியது. 2003–2004 காலப்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பழைய விருதுகளுக்குப் பதிலாக, விண்ணப்பமும் புள்ளியிடலும் கொண்ட புதிய திட்டம் வந்தது. 2022இல் வந்த தேசிய விருதுகள் ஐந்தாண்டுக் காலத்துக்கு மட்டுமே உரியன, ஓய்வூதியத்திற் சேர்வதில்லை. இவை அற்பமானவையல்ல. ஆனால் விண்ணப்பம் என்பதும் ஒரு வாயிலே. பெண் நிபுணர் தம் தொகைக்கு ஏற்ற அளவில் விண்ணப்பிக்கவில்லை என்பது புதிய முறையிலும் பதிவாகியது. படிவம் குழுவின் மேசைக்கு வருமுன்னரே தெரிவின் ஒரு பகுதி முடிந்துவிட்டிருந்தது.